கல்லறை ஓரிடம், பொன் வேறிடம்: சீன அரச சமாதிகளின் உலோகப் பொருள்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெய்ஜிங்குக்கு வெளியே டிங்லிங் என்ற மிங் வம்சத்துச் சமாதிக்குள் 27 மீட்டர் ஆழம் இறங்கி, சிவப்புச் சாயம் பூசிய மூன்று பெரிய பெட்டிகளுக்கு முன்னால் அரை மணி நேரம் பயபக்தியோடு நின்றேன். மேலே ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது, மூன்றுமே நகல். அசல் சவப்பெட்டிகளை 1959இலேயே தூக்கி எறிந்துவிட்டார்கள். சரி, பொற்கிரீடமாவது நிஜம்தானே என்று கண்ணாடிப் பேழைக்கு முன்னால் போனால், அதுவும் நகல். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிப் போய், விடுப்பும் 1,900 சிங்கப்பூர் டாலரும் கரைந்து, நான் கண்ணால் பார்த்த அசல் தங்கம் ஒரு குண்டுமணிகூட இல்லை.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் பார்த்தேன். செலவும் குறைவு. வித்தியாசம் திட்டமிட்ட விதத்தில்தான். வழிகாட்டிக் குழு இல்லாமல் சொந்தமாகப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. ஊரை வைத்துத் திட்டமிடாதீர்கள், பொருளை வைத்துத் திட்டமிடுங்கள்

சமாதியைத் தோண்டிய இடத்தில் பொருள் இருக்காது. பெரும்பாலும் மாகாணத் தலைநகரின் அருங்காட்சியகத்தில் இருக்கும், அல்லது பெய்ஜிங்கில். சமாதியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கல்லும் படிக்கட்டும்தான். ஆகவே ஒரு தாளை எடுத்து, பார்க்க விரும்பும் பொருளின் பெயரை முதலில் எழுதுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஊர் தானாக வரும்.

என் பட்டியல் இப்படி இருந்தது: டிங்லிங்கில் புதைக்கப்பட்ட மிங் பேரரசர் வான்லியின் பட்டத்தரசி சியாவ்துவான் அணிந்த ஃபீனிக்ஸ் மகுடம், பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகம். பொன்கம்பியால் கோத்த பச்சைக்கல் (ஜேட்) அங்கியும் சாங்சின் விளக்கும், ஷிஜியாஜுவாங்கிலுள்ள ஹெபெய் அருங்காட்சியகம். லியாங்சுவாங் இளவரசரின் பொற்கட்டி, வூஹானிலுள்ள ஹூபெய் மாகாண அருங்காட்சியகம். இந்த மூன்று ஊர்களும் ஒரே அதிவேக ரயில் பாதையில் வரிசையாக இருப்பது நம் அதிர்ஷ்டம்.

தங்கம் மட்டுமே போதும் என்பவர்கள் பட்டியலில் நான்சாங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 27 நாள் மட்டும் பேரரசராக இருந்து அரியணையிலிருந்து இறக்கப்பட்ட லியூ ஹே, பிறகு ஹைஹுன் பிரபுவாக கி.மு. 59இல் இறந்தார். அவர் கல்லறையில் கிடைத்த தங்கப் பொருள்கள் 478. மொத்தம் சுமார் 115 கிலோ. குதிரைக் குளம்பு வடிவத்தில்கூட வார்த்திருக்கிறார்கள். அங்கே 2020இல் திறந்த அருங்காட்சியகம் கல்லறைத் தளத்திலேயே இருக்கிறது. நான் சொன்ன விதிக்கு அது ஒரு விலக்கு.

சியான் போகிறவர்களுக்கு ஒரு வரி: சின் பேரரசரின் இரண்டு வெண்கலத் தேர்களும் சுடுமண் வீரர்கள் நிற்கும் குழிகளின் பக்கத்தில் இப்போது இல்லை. 2021இல் லிஷான் தோட்டப் பகுதியில் தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதே சீட்டில் பார்க்கலாம், வளாகத்தின் பேருந்து கொண்டுபோய் விடும். குழிகளைப் பார்த்துக் களைத்துப்போய் அப்படியே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

2. ஆவணங்கள், குறிப்பாக உங்கள் பெயர்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலா விசா எடுத்தாக வேண்டும். அதற்குப் போக்குவரத்து, தங்குமிட விவரங்களைக் கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை திருப்பித் தராத விடுதிக் கட்டணம் எதையும் கட்டாதீர்கள்.

இனி நம்மவர்களுக்கே உரிய தொல்லை. என் கடவுச்சீட்டில் பெயருக்கு நடுவே ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) இருக்கிறது. முன்பதிவுச் செயலி ஒன்று அந்தச் சாய்கோட்டை ஏற்கவே இல்லை. கோட்டை எடுத்துவிட்டு அப்பா பெயரை மட்டும் போட்டேன். பதிவு ஆகிவிட்டது, வாசலில் “பெயர் பொருந்தவில்லை” என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு கண்டுபிடித்த வழி: கடவுச்சீட்டின் படப்பக்கத்தில் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும் அல்லவா, அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே அடியுங்கள். அதில் சாய்கோடு இருக்காது; ‘<’ குறி வரும் இடத்தில் இடைவெளி விடுங்கள். ரயிலுக்கு ஒரு மாதிரி, அருங்காட்சியகத்துக்கு வேறு மாதிரி என்று மாற்றி மாற்றிப் போடவும் வேண்டாம். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கும் இதே ஆலோசனைதான். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒரு செயலியில் பெயரைப் பதிந்து சோதித்துப் பாருங்கள்.

கடவுச்சீட்டு நகல் எங்கும் செல்லாது. அசலைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டே திரியுங்கள். ரயிலுக்கும் அதுதான் சீட்டு, அருங்காட்சியகத்துக்கும் அதுதான் சீட்டு.

3. நாள்காட்டி: திங்கட்கிழமையை முதலில் அடித்துவிடுங்கள்

திங்களன்று தேசிய அருங்காட்சியகமும் ஹெபெயும் ஹூபெயும் மூடியிருக்கும். முதல் பயணத்தில் எனக்கு வூஹானில் கிடைத்த ஒரே நாள் திங்கள். அதற்குமேல் அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் சிங்மிங் வரும். சீனர்கள் குடும்பக் கல்லறைக்குப் போகும் நாள். காகிதத்தில் செய்த பொற்கட்டி, வெள்ளிக்கட்டிகளை எரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அருமையான நேரம். ரயிலில் இடம் வேண்டுமென்றால் மோசமான நேரம். அக்டோபர் 1 முதல் 7 வரையிலான வாரத்தில் நினைத்தே பார்க்காதீர்கள். நவம்பர் நடுப்பகுதி எனக்குப் பிடித்தது. டிங்லிங் சீட்டும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40.

தேசிய அருங்காட்சியகத்துக்கு 7 நாள் முன்பு மாலை 5 மணிக்கு முன்பதிவு திறக்கும். வாரயிறுதி இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் பாருங்கள். ரயில் சீட்டுகள் 15 நாள் முன்பு வெளிவரும். ஆனால் ரயில் செயலியில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைச் சரிபார்க்கவே சில நாள் ஆகலாம். கணக்கை ஒரு மாதம் முன்பே திறந்துவையுங்கள்.

4. பணம்

அலிபே என்ற கட்டணச் செயலியில் நம் கடன் அட்டையை இணைத்துக்கொண்டால் போதும், இளநீர்க்காரர்வரை அதில்தான் வாங்குகிறார்கள். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 விழுக்காடு கட்டணம் பிடிக்கும்; விடுதிக்கு நேரடியாக அட்டையைக் கொடுப்பது மேல். கையில் 500 யுவான் ரொக்கமும் வைத்திருங்கள்.

அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் இலவசம். ஆக, இந்தக் கட்டுரையில் வரும் பெய்ஜிங், ஷிஜியாஜுவாங், வூஹான் வழியில் நுழைவுக்கென்று நீங்கள் கட்டப்போவது டிங்லிங் சீட்டு ஒன்றுதான். செலவெல்லாம் ரயிலுக்கு. பெய்ஜிங்கிலிருந்து ஷிஜியாஜுவாங் இரண்டாம் வகுப்பு சுமார் 130 யுவான், ஒன்றேகால் மணி நேரத்தைச் சுற்றி ஆகும். அங்கிருந்து வூஹானுக்கு 400 யுவானைச் சுற்றி.

5. பெய்ஜிங்: முதல் நாள் மகுடம், இரண்டாம் நாள் சமாதி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொருளைப் பார்த்துவிட்டுப் போனால்தான் வெறும் கல்லறை பேசும்.

தேசிய அருங்காட்சியகத்துக்குள் போனதும் நேரே மகுடத்துக்குப் போய்விடுங்கள். 2024இல் அதன் வடிவத்தில் ஒரு குளிர்பெட்டிக் காந்தம் விற்பனைக்கு வந்து நாடே பைத்தியமாகிவிட்டது. அதிலிருந்து வரிசை குறையவில்லை. மகுடம் 2 கிலோவுக்கு மேல் எடை. பொன் டிராகன்கள், நூற்றுக்கு மேற்பட்ட சிவப்புக்கற்கள், முத்துச்சரங்கள் எல்லாம் கண்ணைப் பறிக்கும். கொஞ்சம் பொறுத்து, கற்களுக்கு இடையே தெரியும் நீலத்தைப் பாருங்கள். அது வண்ணப்பூச்சு இல்லை. மீன்கொத்தி இறகை வெட்டி ஒட்டியது. நாலு நூற்றாண்டு கழித்தும் அந்த நீலம் வெளுக்கவில்லை. பின்னால் நிற்பவர் முதுகில் தட்டுவார். தட்டட்டும்.

இரண்டாம் நாள் டிங்லிங். தெஷெங்மென்னிலிருந்து 872ஆம் எண் பேருந்து. பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னாலேயே “இன்று 872 ஓடாது, என் வண்டியில் வாருங்கள்” என்று ஆள்கள் வழிமறிப்பார்கள். ஓடும். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். கீழே கோடையிலும் குளிர் எலும்பில் இறங்கும், மேல்சட்டை வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் படிகளை நினைத்து முடிவெடுங்கள்.

வான்லி 1620இல் இறந்தார். சமாதியைக் கட்டி முடித்தது 1590இல். 80 லட்சம் டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி செலவு. 1956இல் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு சிறிய கல்லில், வைரச் சுவர் என்று அழைக்கப்பட்ட அடைப்புச் சுவர் எத்தனை தூரத்தில், எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பொறித்திருந்தது. சமாதியை மறுபடி திறக்க வேண்டிவரும் என்பதால் கட்டியவர்கள் தங்களுக்காக விட்டுப்போன குறிப்பு, அகழ்ந்தவர்களுக்கு உதவியது.

உள்ளே உலோகம் எதுவும் மிச்சமில்லை என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்பாதீர்கள். கதவுகளை அண்ணாந்து பாருங்கள். ஒரு பளிங்குக் கதவு சுமார் 4 டன். அதன் மேல்தண்டைப் பிடித்திருக்கும் விட்டம் முழு வெண்கலம், சுமார் 10 டன். கூட்டம் கீழே சிம்மாசனங்களில் காசு எறிந்துகொண்டிருக்கும். தலைக்கு மேலே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கதவை வெளியே இழுத்து மூடும்போது உள்ளே சாய்த்துவைத்த ஒரு கல் தானாக நழுவி வந்து முட்டுக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து தள்ளினால் அசையாது. அகழ்ந்தவர்கள் இடுக்கு வழியாக வளைந்த கம்பியை விட்டு அந்தக் கல்லை நிமிர்த்தித்தான் உள்ளே போனார்கள்.

மூன்று பெட்டிகளில் வான்லியின் இன்னொரு மனைவி சியாவ்ஜிங்குக்கு உரியதன் கதை தெரிந்திருந்தால் பார்வை மாறும். 1611இல் இறந்தபோது அவர் பட்டத்தரசி இல்லை, வேறிடத்தில் புதைத்தார்கள். 1620இல் பேரன் அரியணை ஏறியதும்தான் பாட்டிக்குப் பட்டம் கொடுத்து, எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். பட்டம் செத்த பிறகு வந்தாலும் அதற்குரிய மகுடங்களும் கூடவே வர வேண்டும். சடங்கின் கணக்கு அப்படி.

காட்சிக்கூடத்தில் வான்லியின் பொற்கிரீடத்தின் நகலைப் பாருங்கள், இந்த முறை நகல் என்று தெரிந்தே. 0.2 மில்லிமீட்டர் பொன்கம்பிகள் 518ஐப் பின்னி, 826 கிராமில் முடித்த வேலை. கொசுவலை மாதிரி இருக்கும். முடிச்சு எங்கே என்று தேடினால் கிடைக்காது. அதே சமாதியில் வெள்ளீயத்தில் செய்த குட்டிக் குட்டிப் பாத்திரங்களும் கிடைத்தன. நம் வீட்டு ஈயச்சொம்பின் உலோகம்தான், ஆனால் இவற்றில் ரசம் வைக்க முடியாது. இந்த வகைக்கு ‘மிங்சி’ என்று பெயர். செத்தவரைச் செத்தவராகவே நடத்தினால் அன்பில்லை, உயிரோடிருப்பவராக நடத்தினால் அறிவில்லை. ஆகவே பாத்திரம் வை, ஆனால் பயன்படாத பாத்திரமாக வை என்பது கன்பூசியஸ் பெயரில் வழங்கும் பழைய சடங்கு விதி. பேரரசருக்கு இரண்டுமே வைத்தார்கள்: நிஜப் பொற்கிண்ணமும் உண்டு, விளையாட்டுச் சாமான் போன்ற ஈயக்கிண்ணமும் உண்டு. எந்த அருங்காட்சியகத்திலும் ஓர் உலோகப் பாத்திரத்துக்கு முன்னால் நின்று ‘இதில் ஊற்ற முடியுமா’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி எனக்குப் பெயர்ப்பலகைகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது.

திரும்பும் வழியில் ஒரு கல்வாயிலைத் தாண்டும்போது சீனப் பயணிகள் உடம்பைத் தட்டிக்கொண்டு “நான் திரும்பி வந்துவிட்டேன்” என்று உரக்கச் சொல்வார்கள். நானும் சொன்னேன். தமிழில்.

6. ஷிஜியாஜுவாங்: ஒரு நாள் போதும், ஆனால் முழு நாள்

1968இல் மன்செங்கில் ராணுவ வீரர்கள் தற்செயலாகக் கண்டது, கி.மு. 113இல் இறந்த ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் குகைக் கல்லறை. பக்கத்திலேயே மனைவி தோ வானின் கல்லறை. குகைக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாம் ஹெபெய் அருங்காட்சியகத்தில். செங்கற்சுவர்களுக்கு நடுவே உருக்கிய இரும்பை ஊற்றி வாசலை அடைத்திருந்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லியூ ஷெங்கின் அங்கியில் 2,498 பச்சைக்கல் வில்லைகள், சுமார் 1,100 கிராம் பொன்கம்பி. எல்லாரும் கல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தில் குனிந்து கம்பியைப் பாருங்கள்: ஒவ்வொரு வில்லையின் மூலையிலும் துளை, துளைக்குள் பொன், வெளியே ஒரு முறுக்கு. பிற்கால ஹான் விதிப்படி பொன்கம்பி பேரரசருக்கு மட்டும். அடுத்தடுத்த தரத்துக்கு வெள்ளியும் செம்பும். லியூ ஷெங் காலத்தில் அந்தக் கட்டுப்பாடு இறுகவில்லை, அதனால் இளவரசருக்கும் பொன். உடம்பு அழியாமலிருக்கும் என்று நம்பித்தான் இவ்வளவும். திறந்தபோது உள்ளே உடம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கி.பி. 222இல் வெய் நாட்டுப் பேரரசர் சாவ் பி இந்த வழக்கத்தையே தடைசெய்தார். கல்லறைத் திருடர்கள் கம்பிக்காக அங்கிகளை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாங்சின் விளக்கு தோ வானின் கல்லறையிலிருந்து வந்தது. பொன்முலாம் பூசிய வெண்கலம், 48 செ.மீ. உயரம், மண்டியிட்ட பணிப்பெண். வலது கைச்சட்டைதான் புகைபோக்கி. விளக்கின் புகை கைவழியே ஏறி உள்ளீடற்ற உடம்புக்குள் போய்விடும். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் நகரும் தகடுகள் உண்டு. இதில் ஊற்ற முடியுமா? முடியும். வீட்டில் எரிந்த விளக்கைத்தான் கூடவே அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: ‘ஃபூஜிபின்’. நகல் என்று பொருள். புகழ்பெற்ற பொருள்கள் அடிக்கடி வெளியூர்க் காட்சிக்குப் போய்விடும், அப்போது இடத்தில் நகல் நிற்கும். காவலரிடம் பொருளைக் காட்டி “ஃபூஜிபின் மா?” என்றால் மறைக்காமல் சொல்வார்.

7. வூஹான்: நம்மவர்கள் தவறவிடக் கூடாத ஒரு கட்டி

ஹூபெய் அருங்காட்சியகத்தில் கூட்டம் தட்டி இசைக்கும் பழங்கால மணிவரிசைக்குப் போகும். நீங்கள் லியாங்சுவாங் இளவரசர் காட்சிக்குப் போங்கள். 1441இல் இறந்தவர், 2001இல் கல்லறையைத் திறந்து 5,300க்கு மேற்பட்ட பொருள்களை எடுத்தார்கள். கணவனோடு சாகத் தயாராக இருந்தார் மனைவி வெய். பேரரசர் ஆணை தடுத்தது. பத்து ஆண்டு கழித்து 1451இல் அவர் இறந்ததும் அதே கல்லறையைத் திறந்து வைத்தார்கள். அரசரோடு பெண்களைச் சாகவைக்கும் வழக்கத்தை மிங் அரசவை கைவிட்டது 1464இல்தான்.

அந்தக் காட்சியில் ஒரு பொற்கட்டி. ஏறக்குறைய 2 கிலோ, உள்ளங்கையில் அடங்கும் நீளம், பக்கத்திலிருக்கும் ரத்தினத் தொப்பிமுடிகளுக்கு முன்னால் சோப்புக்கட்டி போலத்தான் தெரியும். மேலே பொறித்திருப்பது: யோங்லே 17ஆம் ஆண்டு, அதாவது 1419, நான்காம் மாதம்; மேலைக்கடல் முதலிய இடங்களில் வாங்கிய எண்பது விழுக்காட்டுப் பொன், ஒரு கட்டி, ஐம்பது டேல் எடை. மிங் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் ஐந்தாம் பயணம் ஊர் திரும்பிய ஆண்டு அது. மிங் ஏடுகளில் மேலைக்கடல் என்றால் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சுற்றிய கடலும் அதில் அடங்கும். இதே யோங்லே பேரரசரின் பெயரில் 1409ஆம் ஆண்டு தேதியிட்ட, இலங்கையின் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்குப் பொன்னும் வெள்ளியும் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கடற்கரைகளில் இறைத்த பொன்னையும், அந்த மேலைக்கடல் வழியில் வாங்கிப்போன பொன்னையும் ஒரே அரசவை எழுதிவைத்திருக்கிறது.

இந்தக் காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள்.

8. எதை வாங்கலாம்

சமாதி வளாகங்களுக்கு வெளியே துணியில் சுற்றிய ‘மிங் வெள்ளிக்கட்டி’யை ஒருவர் ரகசியமாகக் காட்டுவார். நான் கேட்ட விலை 800 யுவானில் தொடங்கி, திரும்பி நடந்ததும் 60க்கு வந்தது. போலி என்றால் காசு போயிற்று. அசல் என்றால் அதைவிட மோசம்: 1911க்கு முந்தைய தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சட்டம் விடாது, விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தேசிய அருங்காட்சியகக் கடையில் அந்த மகுடக் காந்தம் கிடைத்தால் உடனே வாங்கிவிடுங்கள், மாலைக்குள் தீர்ந்துவிடும். நான் மூன்று வாங்கினேன். இரண்டை அக்கா எடுத்துக்கொண்டுவிட்டார்.